கிபாயத் பாய் துடைத்த பெயர்

கிபாயத்துல்லா சேர்த்து வைத்திருந்த கையெழுத்துகளில் உருப்படியானது ஒன்றுகூட இல்லை என்பது அவர் மனைவி பஷீராவின் தீர்ப்பு. அதில் பொய்யில்லை. மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மனிதர், கடையைப் பாதியில் பூட்டிக்கொண்டு மின்சார ரயில் ஏறிப் போய், மைதான வாசல்களில் கால் கடுக்க நின்று வாங்கி வந்தவை அவை. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு கோளாறு.

சேப்பாக்கத்தில் ஒரு வேகப்பந்து வீச்சாளர் மைப் பேனாவால் போட்டுக் கொடுத்தது, பார்க் ஸ்டேஷன் வந்து சேர்வதற்குள் மழையில் நனைந்து நீலத் திட்டாகிவிட்டது. நுங்கம்பாக்கத்தில் ஒரு வெளிநாட்டு டென்னிஸ்காரர் பெயரைக் கேட்டார். இவர் "கிபாயத்" என்றார். அந்தச் சத்தத்தில் அவர் காதில் என்ன விழுந்ததோ, "கிருபாவுக்கு" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். ஏர்போர்ட்டில் ஒரு கால்பந்து வீரருக்கு நீட்டிய பேனாவில் மை தீர்ந்திருந்தது. அந்த மனிதர் அதைக் கவனிக்காமல் முழுப்பெயரையும் எழுதிவிட்டு நகர்ந்தார். தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கீறல் மட்டும் தெரியும். எல்லாவற்றுக்கும் மேல் அந்த ஹாக்கி கேப்டன். எழும்பூரில் முண்டியடித்து வாங்கிய அந்தக் கையெழுத்து கேப்டனுடையதே இல்லை, அதே மாதிரி கோட்டுப் போட்டிருந்த டீம் டாக்டருடையது என்பது மறுநாள் பேப்பரில் படம் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

எல்லாவற்றையும் ஓர் ஆல்பத்தில் ஒட்டி, மேஜை டிராயரில் வைத்திருந்தார். லென்ஸ் மாட்டும் வரை காத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு எடுத்துக் காட்டுவார். தன் அசட்டுத்தனத்தைத் தானே சொல்லிச் சிரிப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

ஆல்பத்தில் சேராமல் கடைச் சுவரில் தனியாக ஒன்று தொங்கியது. கோளாறே இல்லாத ஒரே கையெழுத்து. அது ஆஸ்டினுடையது.

ஆஸ்டினை அவனுடைய பதினோரு வயதிலிருந்து அவருக்குத் தெரியும். கிழக்குத் தாம்பரத்தில் நர்ஸாக வேலை பார்த்த லூர்தம்மா, போர்டில் எழுதுவது தெரியவில்லை என்கிறான் என்று மகனைக் கூட்டி வந்தாள். தகப்பன் இல்லாத பிள்ளை. சோதித்துப் பார்த்தால் இரண்டு கண்ணிலும் நல்ல பவர். கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியே வந்த பையன் எதிர்க் கடை போர்டை ஒவ்வோர் எழுத்தாகப் படித்துவிட்டு, "இதெல்லாம் இவ்ளோ நாளா இங்கேயேவா இருந்திச்சு?" என்று கேட்டான். அன்றிலிருந்து கிபாயத்துல்லாவுக்கு அவன்மேல் ஒரு பிடிப்பு.

பள்ளிக்கூடத்தில் அவன் டிரிபிள் ஜம்ப் தாண்ட ஆரம்பித்தான். ஓடி வந்து, ஒரு காலில் எம்பி, மறு காலுக்கு மாறி, மூன்றாவதாக மணலில் போய் விழும் ஆட்டம். ஒவ்வொரு தாண்டலுக்கும் கண்ணாடி எகிறி விழுந்தது. கிபாயத்துல்லா அவனுக்கென்று எடை குறைந்த ஃபிரேம் தேடிப் பிடித்து, பின்னந்தலையைச் சுற்றி இறுக்கும் எலாஸ்டிக் பட்டி வைத்துக் கொடுத்தார். பட்டி தளர்ந்ததும் வந்து நிற்பான். மாற்றிக் கொடுப்பார். இப்படியே எட்டு வருஷம்.

இருபதாவது வயதில் தேசியப் போட்டியில் தங்கம் வாங்கினான். ஊர் திரும்பியவன், ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் பையோடு நேரே கடைக்கு வந்தான். மெடலைக் கழற்றி கிபாயத்துல்லாவின் கழுத்தில் போட்டான். அப்போது கடையில் இருந்த அவர் மகள் ஃபாயிசா, போனில் படம் பிடித்தாள். அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வந்து நீட்டியபோது, ஆஸ்டின் மார்க்கர் பேனாவை வாங்கி நிறுத்தி நிதானமாக எழுதினான்.

"கிபாயத் பாய்க்கு. நீங்க குடுத்த கண்ணுலதான் கோட்டைப் பார்த்துத் தாண்டுறேன். ஆஸ்டின்."

தேதியும் போட்டான். எழுத்துப் பிழை இல்லை, மை கசியவில்லை, பெயர் மாறவில்லை. "வாழ்க்கைல உங்களுக்கு ஒண்ணு ஒழுங்கா கிடைச்சிருக்கு" என்றாள் பஷீரா.

கொரோனாவுக்கு முந்தின வருஷம் அந்தச் செய்தி வந்தது. விளையாட்டுப் பக்கத்தில் நாலு வரி. ஊக்கமருந்து சோதனையில் தமிழக வீரர் சிக்கினார். நான்கு ஆண்டுத் தடை. பெயர், ஊர், வயது எல்லாம் இருந்தது.

கிபாயத்துல்லா முதலில் நம்பவில்லை. இரண்டாம் நாள் கொஞ்சம் நம்பினார். வருகிறவர் போகிறவர் எல்லாம் படத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார்கள். ஸ்டேஷனுக்கும் முடிச்சூருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டும் பாலு, கண்ணாடிக்கு ஸ்க்ரூ போட வந்தவன், கடை நிறைய ஆள் இருக்கும்போது சத்தமாகக் கேட்டான்.

"இன்னா பாய், இன்னும் இவன் போட்டோவ மாட்டி வெச்சுகினு கீற? கண்ணாடி மட்டும்தான் குடுத்தியா, ஊசியும் உங்கிட்டதான் வாங்கினானா?"

எல்லோரும் சிரித்தார்கள். கிபாயத்துல்லாவும் சிரித்தார். பிறகு எத்தனையோ நாள் நினைத்து நினைத்து அவர் குமைந்தது அந்தச் சிரிப்பைத்தான்.

அன்று மாலை கட்டடச் சொந்தக்காரர் சம்பந்தம் வந்தார். அந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலமெல்லாம் அவர் குடும்பத்துடையது. அதட்டிப் பேசாதவர். "எடுத்துடுங்க பாய். எதுக்கு வீண் பேச்சு? வியாபாரம் பண்ற இடம்" என்றார். அவர் அப்பால் போனதும் கிபாயத்துல்லா ஸ்டூல் போட்டு ஏறிப் படத்தை இறக்கினார்.

இறக்கியதோடு விட்டிருக்கலாம். கல்லாவுக்குப் பின்னால் வைத்த படத்தை அடுத்த நாள் மத்தியானம், கடையில் யாரும் இல்லாத நேரத்தில் மறுபடி எடுத்தார். ஃபிரேமிலிருந்து பிரித்தார். நாளைக்கு விசாரணை அது இதென்று யாராவது வந்தால், படத்தில் தன் பெயர் இருக்கிறதே என்று ஒரு பயம். பையன் தன்னை ஏமாற்றிவிட்டான் என்ற கோபமும் கூடவே இருந்தது. லென்ஸ் துடைக்கும் ஸ்பிரேயைத் துணியில் நனைத்து, "கிபாயத் பாய்க்கு" என்ற இரண்டு சொல்லை மட்டும் துடைக்கப் பார்த்தார். ஸ்பிரே வழிந்து கீழே இறங்கியது. துடைக்கத் துடைக்கப் பரவியது. கடைசியில் எல்லா எழுத்தும் கரைந்து, ஆஸ்டின் மார்பின் குறுக்கே கருநீலத்தில் ஓர் இழுப்பு மிஞ்சியது. அவசரமாகத் திரும்ப ஃபிரேம் போட்டு, முன்னிருந்த மூலையிலேயே சாய்த்து வைத்தார்.

அந்த வாரமே லூர்தம்மா தன் கண்ணாடியின் கம்பி வளைந்துவிட்டது என்று கொண்டு வந்தாள். வந்ததும் சுவரைப் பார்த்தாள்.

"போட்டோ எங்க பாய்?"

"கண்ணாடி கீழ விழுந்து உடைஞ்சிடுச்சு. ஃபிரேம் போடக் குடுத்திருக்கேன்" என்றார். பொய் எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"வந்ததும் மாட்டிடுங்க பாய். ஊர்ல எல்லாரும் ஒரு மாதிரி பார்க்கறாங்க. ரூமை விட்டு வெளிய வர மாட்டேங்கறான். பாய் கடைல உன் போட்டோ அப்படியேதான் இருக்குடான்னு சொல்லித்தான் நேத்து சாப்பிட வெச்சேன்." கம்பியை நிமிர்த்த ஒரு நாள் ஆகும் என்று சொல்லி அனுப்பினார். உண்மையில் அது இரண்டு நிமிஷ வேலை. அவள் எதிரில் நிற்க முடியவில்லை.

மறுநாள் அவளுக்குப் பதிலாக ஆஸ்டின் வந்தான். தாடி வளர்ந்து, தொப்பியைக் கண்வரை இறக்கி விட்டிருந்தான். கையில் மடித்த தாள் ஒன்று இருந்தது. கிபாயத்துல்லா உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்து வருவதற்குள், அவன் கல்லாவுக்குப் பின்னாலிருந்த படத்தைப் பார்த்துவிட்டான். குனிந்து எடுத்து, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஃபிரேம் கண்ணாடி உடையலையே பாய்" என்றான்.

 ஆஸ்டின் படத்தை எடுத்த இடத்திலேயே வைத்தான். தாளைச் சட்டைப் பைக்குள் போட்டான். அம்மாவின் கண்ணாடியை வாங்கிக்கொண்டு, "வரேன் பாய்" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டுப் படி இறங்கினான். பிறகு அவன் வரவில்லை. லூர்தம்மாவும் வரவில்லை.

ஊரடங்கு வந்தது, போனது. கடை நஷ்டப்பட்டு மீண்டது. ஃபாயிசாவுக்குக் கல்யாணமாகிப் பெருங்களத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் குடிபோனாள். ஆல்பத்தை எடுத்துக் காட்டும் வழக்கம் அவரிடமிருந்து மெல்ல நின்றுவிட்டது. யாராவது கேட்டால், "அதெல்லாம் எங்கயோ கிடக்கு" என்பார்.

தடை முடிய இன்னும் சில மாதங்கள் இருந்தபோது மறுபடி ஒரு செய்தி வந்தது. இந்த முறை மூன்றே வரி. ஆஸ்டின் பயிற்சி எடுத்த முகாமிலேயே இருந்து அதே காரணத்துக்காகத் தடை வாங்கிய ஓர் ஓட்டக்காரப் பெண் விடாமல் வழக்கு நடத்தியிருந்தாள். முகாமில் எல்லோருக்கும் கொடுத்த சத்துப் பவுடரிலேயே அந்த மருந்து கலந்திருந்தது; டப்பாவில் அது அச்சிடப்படவில்லை. இருவர் மீதும் தவறில்லை என்று முடிவானது.

கிபாயத்துல்லா அந்த மூன்று வரியைப் பலமுறை படித்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சப்வேயில் இறங்கிக் கிழக்குப் பக்கம் நடந்தார். லூர்தம்மாவின் வீட்டுக்கு அவர் போனதே இல்லை. விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்தார்.

லூர்தம்மா வாசலிலேயே நின்று பேசினாள். கோபப்படவில்லை. உட்காரவும் சொல்லவில்லை.

"அன்னைக்கு அவன் என் கண்ணாடியை வாங்க மட்டும் வரல பாய். அப்பீல் பண்ணணும்னா, சின்ன வயசுலேர்ந்து தெரிஞ்சவங்க அஞ்சு பேர் கிட்ட லெட்டர் வாங்கிட்டு வான்னு வக்கீல் சொல்லியிருந்தார். பேரெல்லாம் எழுதி எடுத்துட்டு வந்தான். முதல் பேரு உங்களுதுதான்."

கிபாயத்துல்லா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுக்கு வந்து அந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போட்டான். வேற யார் கிட்டயும் கேட்கல. அப்பீலே வேணாம்னுட்டான். நான் அழுதேன், சண்டை போட்டேன், கேட்கல. அந்தப் பொண்ணு புண்ணியத்துல இன்னைக்கு இவன் பேரும் சுத்தமாச்சு. ஆனா தாண்டுற வயசுல மூணு வருஷம் போயிடுச்சே பாய்."

"நான் லெட்டர் குடுத்திருந்தா…" என்று ஆரம்பித்தார்.

"தெரியாது. குடுத்திருந்தாலும் தள்ளுபடி பண்ணியிருப்பாங்களோ என்னவோ. நான் உங்களைச் சொல்லல." பிறகு மகன் மேடவாக்கத்தில் ஒரு பெரிய குடியிருப்பில் ஜிம் மாஸ்டராக இருப்பதைச் சொன்னாள். குடியிருப்பின் பெயரையும் சொன்னாள்.

வீட்டில் பஷீரா முழுவதையும் கேட்டாள். துடைத்த விஷயம் அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. நெடுநேரம் அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கடைசியில், "போங்க. கண்டிப்பா போகணும். ஆனா அந்தப் போட்டோவை எடுத்துட்டுப் போகாதீங்க. வெறுங்கையோட போய் நில்லுங்க" என்றாள்.

அவர் கேட்கவில்லை. புதிதாக ஒரு பிரிண்ட் போட்டார். ஃபாயிசா பழைய போனிலிருந்து தேடி அனுப்பிய அதே படம். பழைய கறைப்பட்ட பிரதியையும் சேர்த்து ஒரு பையில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கூட்டரில் கிளம்பினார். கேம்ப் ரோடு, செம்பாக்கம் தாண்டி மேடவாக்கம் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது.

வாசல் காவலாளி போனில் கூப்பிட்டுச் சொன்ன சிறிது நேரத்தில் ஆஸ்டின் வந்தான். உடம்பு கனத்திருந்தான். கண்ணில் கறுப்பு ஃபிரேம் கண்ணாடி, வேறு எங்கோ வாங்கியது. இடது பக்கம் லேசாக இறங்கி உட்கார்ந்திருந்தது.

"வாங்க பாய். வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

அந்த மரியாதை அவரை இன்னும் சிறிதாக்கியது. உள்ளே தண்ணீர்த் தொட்டி ஓரம் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் தண்ணீர் லாரி ஒன்று தொட்டியில் தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தது. மோட்டார் சத்தத்தில் சாதாரணமாகப் பேசினால் கேட்காது. மூன்று வருஷமாக மனதுக்குள் மெல்லச் சொல்லிப் பார்த்த வார்த்தைகளை அவர் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

"நான்தான்பா அழிச்சேன். உடைஞ்சதுன்னு உங்கம்மா கிட்ட பொய் சொன்னேன். பயந்துட்டேன்."

அந்த நேரம் பார்த்து மோட்டார் நின்றது. "பயந்துட்டேன்" என்பது மட்டும் அந்த முற்றம் முழுக்கக் கேட்டது. லாரி டிரைவர் திரும்பிப் பார்த்தான்.

"தெரியும் பாய்" என்றான் ஆஸ்டின். "அன்னைக்கே தெரியும். என் பேரை மட்டும் துடைச்சிருந்தா ஒருவேளை கோவம் வந்திருக்கும். அப்ப ஊரே அதைத்தான் பண்ணிட்டிருந்தது. ஆனா படத்தைச் சாய்ச்சுப் பார்த்தேன். உங்க பேர் இருந்த இடத்துலதான் தேய்ச்சுத் தேய்ச்சுப் பேப்பரே வெளுத்துப் போயிருந்தது. என்னைத் தெரியும்ங்கறதையே நீங்க அழிக்கப் பார்த்திருக்கீங்க."

 கிபாயத்துல்லா பையிலிருந்து புதுப் படத்தை எடுத்தார். மார்க்கரையும் எடுத்தார். எடுக்கும்போதே தவறு என்று கை சொல்லிற்று. ஆனாலும் எடுத்துவிட்டார்.

ஆஸ்டின் படத்தை வாங்கிப் பார்த்தான். கழுத்தில் மெடலோடு வாயெல்லாம் பல்லாக நிற்கும் கடைக்காரரையும், பக்கத்தில் ஒல்லியாக நிற்கும் தன்னையும் பார்த்தான். படத்தை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு, மார்க்கரை அவரிடமே திருப்பிக் கொடுத்தான்.

"இதை அம்மாவுக்கு எடுத்துக்கறேன். கையெழுத்து வேணாம் பாய். அன்னைக்கு எழுதினதை இன்னைக்கு என்னால எழுத முடியாது. வேற ஏதாவது எழுதினா அது உங்களுக்கு நல்லா இருக்காது."

"சரிப்பா."

எழுந்தார்கள். வாசல் வரை கூடவே வந்தான். வெயிலில் அவன் கண்ணாடி இன்னும் சரிந்திருப்பதைப் பார்த்து, கிபாயத்துல்லாவின் கை தானாக எழுந்தது. "காதுக்குப் பின்னாடி கொஞ்சம் வளைக்கணும். குடு, ஒரு நிமிஷம்" என்றார்.

ஆஸ்டின் அரை அடி பின்னால் நகர்ந்தான். "இருக்கட்டும் பாய். பழகிடுச்சு."

வீடு வந்து பையைக் கீழே வைத்தவருக்குப் பஷீரா டீ போட்டுக் கொடுத்தாள். கறைப்பட்ட படத்தை அவர் என்ன செய்வதென்று தெரியாமல் பீரோவுக்கு அடியில் தள்ளினார். அன்றிரவே ஒரு தாளில், "ஆஸ்டினைப் பதினோரு வயது முதல் எனக்குத் தெரியும்" என்று எழுத ஆரம்பித்து, இதை யாரிடம் கொடுப்பது என்று யோசித்து நிறுத்திவிட்டார்.

அடுத்த வருஷம் மாவட்டப் போட்டி தாம்பரத்திலேயே ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்தது. பெயர்ப் பட்டியலில் ஆஸ்டின் இருப்பதைச் சம்பந்தம்தான் வாட்ஸ்அப்பில் பார்த்துச் சொன்னார். "போயிட்டு வாங்க பாய், நான் கடையைப் பார்த்துக்கறேன்" என்றார். அவருக்கும் உள்ளுக்குள் என்னவோ இருந்திருக்க வேண்டும்.

கிபாயத்துல்லா கேலரியின் மேல் வரிசையில் ஓரமாக உட்கார்ந்தார். ஆல்பம், பேனா எதுவும் கொண்டு போகவில்லை. எதிரில் பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள். அவர்களுக்கு நடுவே ஆஸ்டின், முழங்காலில் பட்டை சுற்றி, கண்ணாடியைப் பின்னால் கயிறு கட்டி இறுக்கியிருந்தான். முதல் தாண்டலில் பதினான்கு மீட்டர் சொச்சம். அவன் பழைய தூரத்தைவிட இரண்டு மீட்டர் குறைவு. இரண்டாவதும் அதே அளவு. மூன்றாவதில் ஓடி வந்த வேகம் பழைய வேகமாக இருந்தது. கிபாயத்துல்லா தன்னை அறியாமல் எழுந்து நின்றார். எம்ப வேண்டிய பலகையைத் தாண்டி ஒரு விரற்கடை முன்னால் கால் விழுந்தது. நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கினார்; அந்தத் தாண்டல் செல்லாது.

மொத்தத்தில் ஐந்தாவது இடம். ஆஸ்டின் மணலைத் தட்டிவிட்டுக் குனிந்து ஷூவைக் கழற்றினான். பையைத் தோளில் மாட்டி நிமிர்ந்தபோது கேலரிப் பக்கம் பார்வை போனது. மேல் வரிசையில் தனியாக நின்றுகொண்டிருந்தவரை அடையாளம் கண்டுகொண்டான். கையை ஆட்டவில்லை. தலையை மட்டும் ஒருமுறை அசைத்தான்.

கிபாயத்துல்லாவும் தலையசைத்தார். கீழே இறங்கிப் போய்ப் பேசலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அவன் கேட்டைத் தாண்டிப் போகும் வரை நின்ற இடத்திலேயே நின்றார். அடுத்த போட்டிக்கு மைக்கில் பெயர் வாசிக்கத் தொடங்கினார்கள்.